ஊர்ப் பொது மயானத்துக்கு என்ன வயது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நகராட்சியின் ஆற்றங்கரை மயானத்தில் புதிதாக எரிவாயு தகன மேடை கட்டுகிறார்கள். வாசலில் தகவல் பலகை ஒன்று வைக்கப் போவதாகவும், மயானத்தின் வரலாற்றை அதில் போட நாலு வரி எழுதித் தரும்படியும் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முந்நூறு வருஷப் பழசு என்கிறார்கள். உள்ளே ஒரு கல்லில் தமிழ் எண்களில் 1877 என்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) செத்தவர்களை அங்கேதான் மொத்தமாகப் புதைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. இதில் எதை நம்பலாம், பலகையில் எந்த ஆண்டைப் போடலாம், எங்கே போய்த் தேடலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். எல்லைக்கல் தேடுவதும் பழைய புல எண்ணை (சர்வே எண்ணை) இப்போதைய எண்ணோடு பொருத்துவதும்தான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு, ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஆவணம் தேடிக் கொடுக்கிறேன். மயானம் பற்றி இப்படிக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு ஆண்டைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இறந்தவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தது எப்போது, அரசாங்கம் அந்த நிலத்தை மயானம் என்று ஏட்டில் எழுதியது எப்போது, அது ஊரில் எல்லோருக்கும் பொது என்று ஆனது எப்போது. மூன்றுக்கும் சான்று தனித்தனி. முதலாவதை ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். இரண்டாவதைப் பெரும்பாலும் ஆண்டோடு சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் என் பார்வையில் மிக முக்கியமானது, ஆனால் எந்தப் பலகையிலும் அதை நான் பார்த்ததில்லை.

கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த ஆண்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இன்னொரு தடவை பாருங்கள். பழைய முறையில் எழுதியிருந்தால் ௲௮௱௭௰௭ என்று ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்கான குறிகளோடு இருக்கும். புதிய முறை என்றால் ௧௮௭௭ என்று நான்கு எண்கள் மட்டும் இருக்கும். தேய்ந்த கல்லில் ௭ எழுத்து எகரம் போலவும் ௮ அகரம் போலவும் தெரியும். அதனால் பெயரின் எழுத்தை எண்ணாகவும் எண்ணைப் பெயராகவும் படித்துவிடுவது சகஜம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள், இல்லாவிட்டால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். சுண்ணாம்பு தடவுவது, எண்ணெய் பூசுவது, ஆசிட் ஊற்றித் தேய்ப்பது எதுவும் வேண்டாம், இருக்கிற எழுத்தும் போய்விடும். ஆண்டோடு தமிழ் வருஷப் பெயரும் இருந்தால் நல்லது. தாது என்பது 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரை, அதற்கடுத்தது ஈஸ்வர. எண்ணும் பெயரும் பொருந்தினால் உங்கள் வாசிப்பு சரி. வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருமே, 1936-37ம் தாதுதான். சக ஆண்டு என்று இருந்தால் 78ஐக் கூட்ட வேண்டும், கொல்லம் ஆண்டு என்றால் 825.

சரி, 1877 என்பது உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தெரிவது, அந்த ஆண்டில் இறந்த ஒருவருக்கு யாரோ கல் வைத்தார்கள் என்பது மட்டும்தான். கல் இன்றிருக்கும் இடத்தில்தான் அன்றும் இருந்தது என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. இதற்குச் சென்னையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் அதன் முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களில் 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லும் உண்டு. தேவாலயம் கட்டுவதற்கு முன்பே அங்கே கல்லறை இருந்ததா என்றால், இல்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போது உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1758-59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தக் கல்லறை மண்டபங்கள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அவற்றை இடித்துவிட்டு, பெயர் வெட்டிய கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். புதைத்த உடல்கள் பழைய இடத்திலேயே இருக்க, பெயர்கள் மட்டும் இடம் மாறின. ஜோசப் ஹின்மர்ஸ், சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட் யேல் ஆகியோரின் கல்லறை மட்டும் சட்டக் கல்லூரி வளாகத்திலேயே தங்கிவிட்டது. அந்த முற்றத்துக் கற்களைப் படித்து ஒருவர் தேவாலயத்துக்கு வயது சொன்னால் 28 ஆண்டு பிசகிவிடும். உங்கள் ஊரிலும் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்தோ சாலை போடும்போதோ அந்தக் கல் நகர்ந்திருக்கலாம். அடியில் செங்கல் கட்டுமானம் இருக்கிறதா, சும்மா சாய்த்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஊரில் இறந்தவர்களில் கல் வைக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. எரித்தவர்களின் சாம்பல் ஆற்றோடு போய்விட்டது. புதைத்தவர்களில் பெரும்பாலோருக்கு மண்மேடும் மூன்றாம் நாள் பாலும்தான். மேடு ஒரு மழைக்காலத்தில் அமுங்கிவிடும், சில வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி குழி வெட்டுவார்கள். ஒருமுறை எல்லைக்கல் தேடிப் போனபோது, மயானத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னோடு நடந்துவந்தார். வேலியோரம் இருந்த மேட்டைக் காட்டி, “அது பிள்ளைக்குழிங்க, அங்க கால் வைக்காதீங்க” என்றார். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் சின்னக் குழந்தைகளைப் புதைத்துவிடுவார்கள், அதற்குத் தனியாக ஓரிடம் இருக்கும். அம்மை கண்டு இறந்தவர்களுக்கும் அப்படி ஒரு மூலை உண்டு என்று இன்னொரு பக்கம் கையைக் காட்டினார். என் கையில் இருந்த புலப்படத்தில் அந்த இடம் முழுக்க ஒரே எண், ஒரே புறம்போக்கு. எது எங்கே என்பது அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். பலகைக்குத் தேதி தேடுவதற்கு முன்னால் அவரிடம் போங்கள். அலுவலகத்து ஏடு அடுத்த வருஷமும் இருக்கும், அவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

முந்நூறு வருஷம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அது பொய் என்று சொல்லமாட்டேன், நிரூபிக்க முடியாது என்றுதான் சொல்வேன். ஊருக்கு வெளியே சுடுகாட்டுக்கென்று நிலம் ஒதுக்குவது இந்த மண்ணில் மிகப் பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களைச் சொல்லும்போது, வரி போடாத நிலங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் சுடுகாடும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே மயானம் வரியில்லா நிலம். அதற்கும் முன்னால் போனால் ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பரப்பில் முதுமக்கள் தாழிகள் புதைத்த தாழிக்காடு இருக்கிறது, கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை இடுகாடு இருக்கிறது. ஆனால் இவற்றை உங்கள் ஊர் மயானத்தோடு முடிச்சுப் போட முடியாது. ஆறு கரை மாறும், ஊர் இடம் மாறும், ஆட்சி மாறும்போது குடிகளும் மாறுவார்கள். ஊர்க் கோயில் கல்வெட்டில் மயானம் எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும், அன்று ஒரு மயானம் இருந்தது என்று எழுதலாம். அப்போதும் அதே இடம்தான் என்று எழுத, மற்ற எல்லைகளான வாய்க்காலும் குளமும் இன்றைய வரைபடத்தோடு பொருந்த வேண்டும்.

இனி ஏட்டுக்கு வரலாம், இங்கேதான் உறுதியான தரை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை 1858இல் தொடங்கியது. மாவட்டம் மாவட்டமாக அளந்து, ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்து, யாருடையது, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று செட்டில்மெண்ட் பதிவேட்டில் எழுதினார்கள். அதற்கும் முன்னால் சில பகுதிகளில் பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு உண்டு. அப்புறம் ஏறத்தாழ முப்பது வருஷத்துக்கு ஒருமுறை ரீசெட்டில்மெண்ட், அதாவது தீர்வையை மறுபடி நிர்ணயிப்பது. கடைசியாக 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதைத்தான் யூ.டி.ஆர். என்கிறோம். இன்று நீங்கள் இணையத்தில் பார்க்கும் அ-பதிவேடு, அதாவது ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்குமான நிலக் கணக்கு, அதன் வழியாக வந்தது. அதில் உங்கள் மயானத்தின் வரியைப் பாருங்கள். வகைப்பாடு புறம்போக்கு, தீர்வை இல்லை, குறிப்புக் கலத்தில் மயானம் என்றோ சுடுகாடு என்றோ இருக்கும். பக்கத்திலேயே பழைய புல எண் என்ற கலம் இருக்கும். அதுதான் உங்கள் ஏணி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ரீசெட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும், அங்கிருந்து அதற்கு முந்தைய பதிவேட்டுக்கும் ஏறிப் போகலாம். நகராட்சிப் பகுதி என்பதால் இடையில் நகர அளவை எண் என்று ஒன்று குறுக்கே வரும். அதற்குப் பழைய எண்ணோடு பொருத்தும் பட்டியலை நகர நில அளவைப் பிரிவில் கேளுங்கள். மயானம் என்ற குறிப்பு எந்தப் பதிவேட்டில் முதலில் தோன்றுகிறதோ, அந்த ஆண்டில் அரசாங்கம் அதை மயானமாக அறிந்திருந்தது என்று தயங்காமல் எழுதலாம்.

ஆனால் முதல் குறிப்பு 1950களில்தான் கிடைக்கிறது என்றால், மயானமே அப்போதுதான் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊர் ஜமீனாகவோ, முழுவதும் மானியமாகக் கொடுக்கப்பட்ட இனாம் கிராமமாகவோ இருந்ததா என்று முதலில் பாருங்கள். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பகுதிகளில் பல ஊர்களுக்கு, 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு அளவையும் நிலவரித் திட்டமும் வந்தன. அதற்கு முன்னால் கணக்கு ஜமீன் கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில் இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அங்கே ஏடுகளே வேறு. ஆக, ஏடு தொடங்கும் ஆண்டு வேறு, மயானம் தொடங்கிய ஆண்டு வேறு. பரப்பையும் ஒவ்வொரு கட்டத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். பழையதில் ஏக்கர், சென்ட். புதியதில் ஹெக்டேர், ஏர். 2 ஏக்கர் 50 சென்ட் என்பது ஏறத்தாழ 1 ஹெக்டேர் 1 ஏர். மாற்றிப் பார்த்தபின் பரப்பு குறைந்திருந்தால் எங்கே போனது என்று புலப்படத்தில் தெரியும். உட்பிரிவு செய்து சாலைக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ கொடுத்திருப்பார்கள், அல்லது வேலி நகர்ந்திருக்கும். நீர்நிலை போலவே மயானமும் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அதில் வீட்டுமனைப் பட்டா கொடுப்பதற்கில்லை. ஆனாலும் நகரம் வளர்ந்து மயானத்தைச் சுற்றி வளைத்துக்கொண்ட இடங்களில் எல்லைக்கல்தான் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது நகராட்சி. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866இல் கும்பகோணம், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், திருநெல்வேலி போன்ற ஊர்களில் நகராட்சிகள் ஏற்பட்டன. 1884இலும் 1920இலும் மாவட்ட நகராட்சிச் சட்டங்கள் வந்தன. காலராவும் அம்மையும் ஊரைச் சூறையாடிய காலம் அது. குடிநீருக்கும் வீடுகளுக்கும் பக்கத்தில் பிணம் புதைப்பதைத் தடுப்பது சுகாதாரத்தின் முதல் பாடமாக இருந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் இடங்களை மூன்றாகப் பிரித்தது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தவற்றை அவற்றின் பொறுப்பாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதிதாக யாராவது ஏற்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். போதுமான இடம் இல்லாவிட்டால் நகராட்சியே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். உங்கள் மயானம் இந்த மூன்றில் எது என்பதுதான் நகராட்சி அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இப்படிப் பதிவு பெற்ற, உரிமம் பெற்ற, ஏற்படுத்தப்பட்ட இடங்களுக்கு ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அன்றைய நகராட்சிச் சட்டங்களில் இருந்த விதிதான். பதிவு செய்தது என்றால், சட்டம் வருவதற்கு முன்பே அது இருந்தது என்று பொருள், உங்கள் பெரியவர்களின் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கிறது. நகராட்சி ஏற்படுத்தியது என்றால் அதற்கான மன்றத் தீர்மானம் ஒன்று இருந்தே தீர வேண்டும். பழைய மயானத்தை மூடிவிட்டு இதைத் திறந்தார்கள் என்றால், மூடிய அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வந்திருக்கும். பல ஊர்களில் பேருந்து நிலையமோ பள்ளி மைதானமோ இருக்கும் இடம் அப்படி மூடப்பட்ட மயானம்தான்.

அப்புறம் அந்த மூன்றாவது ஆண்டு, மயானம் எல்லோருக்கும் பொது என்று ஆன ஆண்டு. அ-பதிவேட்டில் வெறுமனே மயானம் என்று இருக்கும். அதற்கு முந்தைய பதிவேடுகளைப் பிரித்தால் பல ஊர்களில் சாதிப் பெயரோடு இரண்டு, மூன்று, நான்கு இடங்கள் தனித்தனி எண்களில் நிற்கும். நான் மேலே சொன்ன தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே சுடுகாடும் பறைச்சுடுகாடும் வேறுவேறாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆக ஆயிரம் வருஷத்துக்கு ஊருக்கு ஒரு மயானம் என்பது கிடையாது, சாதிக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். நகராட்சி தன் செலவில் சுவர் கட்டி, காவலாள் போட்டு, யார் இறந்தாலும் இங்கே கொண்டுவரலாம் என்று சொன்ன நாள்தான் பொது மயானத்தின் உண்மையான பிறந்த நாள். ஏட்டில் பொது என்று எழுதியதோடு அது முடிந்துவிடவும் இல்லை. ஒரே சுற்றுச்சுவருக்குள் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மேடை, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வாசல் என்று இருந்த இடங்களை நானே அளந்திருக்கிறேன். நிலம் இருக்கும், பாதை இருக்காது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், தனியார் நிலத்தின் வழியே போக விடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. சாதி வேறுபாடு இல்லாத மயானம் பயன்பாட்டில் உள்ள முன்மாதிரி கிராமங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தருவதாகத் தமிழக அரசு 2021இல் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம். அதனால் உங்கள் மயானத்துக்குப் போகும் பாதை பழைய புலப்படத்தில் புள்ளிக்கோடாக இருக்கிறதா, அது எங்கே தொடங்குகிறது, எந்தத் தெருக்களைத் தவிர்த்துப் போகிறது என்று பாருங்கள். மன்றத் தீர்மானங்களில் மேடைகளைப் பொதுவாக்கியது எந்த வருஷம் என்று தேடுங்கள். கிடைத்தால் அந்த ஆண்டைப் பலகையில் போடச் சொல்லி வாதாடுங்கள். முந்நூறு வருஷப் பழமையைவிட அந்த ஒரு தீர்மானம் உங்கள் ஊருக்குப் பெருமை.

பஞ்சத்தில் மொத்தமாகப் புதைத்தார்கள் என்ற பேச்சை எப்படிச் சோதிப்பது? 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது உறுதி, பட்டினியைவிடக் கூடவே வந்த காலராவும் காய்ச்சலும் நிறையப் பேரைக் கொண்டுபோயின. அப்போது மாகாண சுகாதார ஆணையராக இருந்தவர் கார்னிஷ். அந்த அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளில் மாவட்ட வாரியாகவும் நகர வாரியாகவும் மரண எண்ணிக்கை, காலராவால் எத்தனை, அம்மையால் எத்தனை என்ற பிரிவோடு இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். உங்கள் ஊரில் அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அதில் கிடைக்கலாம். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது அதில் இருக்காது. நிவாரண முகாம் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால் ஒரு யூகம் செய்யலாம், அவ்வளவுதான். 1877 கல்லை வைத்து அந்தப் பேச்சை நிரூபிக்கப் பார்க்காதீர்கள். பஞ்சத்தில் பட்டினி கிடந்து செத்தவருக்கு யாரும் கல் வெட்டி வைக்கவில்லை. அந்த வருஷத்திலும் கல்தச்சனுக்குக் கூலி கொடுக்க முடிந்த குடும்பம் ஒன்று ஊரில் இருந்தது என்பதைத்தான் அந்தக் கல் காட்டுகிறது. ஊர் நினைவில் 1918 விஷக்காய்ச்சலும் 1877 பஞ்சமும் ஒன்றாகக் கலந்துவிடுவதும் உண்டு. ஆகவே “பஞ்ச காலத்தில் இறந்தவர்கள் இங்கே அடக்கம் செய்யப்பட்டதாக ஊரார் கூறுகிறார்கள்” என்று எழுதுங்கள். அந்த ‘கூறுகிறார்கள்’ என்ற சொல்லை யார் வெட்டச் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

மயானத்தில் தலைமுறையாக வேலை செய்த வெட்டியான் குடும்பங்களின் தடமும் ஏட்டில் இருக்கிறது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், கோயில் மானியம், தர்ம மானியம் என்று ஒவ்வொரு ஊரிலும் இருந்த மானியங்களை விசாரித்துப் பதிவு செய்தது. ஊர் ஊழியத்துக்கான மானியங்களும் அந்தக் கணக்குகளில் வரும், வெட்டியான் மானியம் அதில் ஒன்று. அது உங்கள் ஊர் இனாம் பதிவேட்டில் இருந்தால், 1860களில் அந்த ஊழியமும் இருந்தது, அதற்கு நிலமும் இருந்தது என்பதற்கு அசைக்க முடியாத சான்று. அந்த நிலம் பின்னால் யார் கைக்குப் போனது என்பதையும் தேடிப் பாருங்கள், மனம் கனக்கும். வாசலில் அரிச்சந்திரன் கோயில் இருந்தால் அங்கே சொல்லும் பாட்டையும், அதைச் சொல்கிறவர் யாரிடம் கற்றார் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நான்கு தலைமுறைப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஏறத்தாழ நூறு வருஷத்துக்குப் போய்விடலாம். கணக்குப் பிசகலாம், ஆனாலும் வேறெந்தச் சான்றும் இல்லாத இடத்தில் அதுதான் சான்று.

இறப்புப் பதிவேட்டையும் பலர் கேட்கிறார்கள். 1899இல் மாகாணச் சட்டம் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பெயர், வயது, காரணம் கிடைக்கும், புதைத்த இடம் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு மயானத்திலேயே வைத்திருக்கும் பதிவேடுதான். பக்கத்தில் கல்லறைத் தோட்டமோ கபர்ஸ்தானோ இருந்தால் அவற்றின் ஏடுகளையும் விடாதீர்கள். தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகள் பல ஊர்களில் நகராட்சியைவிடப் பழையவை. வக்ஃபு சொத்துகளின் பட்டியல் புல எண்ணோடும் எல்லையோடும் அரசிதழில் வந்திருக்கும். அந்த எல்லையில் “தெற்கே சுடுகாடு” என்று ஒரு வார்த்தை இருந்தால் உங்களுக்கு இன்னொரு தேதி கிடைத்துவிடும்.

எதற்காகவும் அங்கே தோண்டாதீர்கள். அடக்கத் தலத்தில் அத்துமீறுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 297, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 301. தகன மேடைக்கு அஸ்திவாரம் வெட்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடோ தாழியின் விளிம்போ வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். எலும்பு வந்தால் வெட்டியானைக் கூப்பிட்டு முறையாக வேறிடத்தில் அடக்கம் செய்யச் சொல்லுங்கள், ஜேசிபி ஓட்டுநரிடம் விட்டுவிடாதீர்கள்.

பலகைக்கு அவகாசம் குறைவு என்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் இணையத்தில் அ-பதிவேடும் புலப்படமும், அன்றைக்கே கிடைத்துவிடும். அடுத்து நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். அதில் “மயானத்தின் வரலாறு என்ன” என்று கேட்டால் ஒன்றும் வராது. மயானம் பதிவு செய்யப்பட்டதா, உரிமம் பெற்றதா, நகராட்சி ஏற்படுத்தியதா, அதற்கான பதிவேட்டுப் பக்கத்தின் நகல், மேடைகளும் சுற்றுச்சுவரும் கட்டிய தீர்மானங்களின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கு மாவட்ட ஆவண அறை, அங்கே இல்லாவிட்டால் எழும்பூர். பதில்கள் வருவதற்குள் பலகை திறந்தே ஆக வேண்டும் என்றால், அ-பதிவேட்டில் உறுதியான புல எண்ணையும் பரப்பையும் போடுங்கள், 1877 கல் உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள், வயதுக்கான வரியைக் காலியாக விடச் சொல்லுங்கள். கருங்கல்லில் வெட்டாமல் தகட்டில் எழுதினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அ-பதிவேட்டு நகல் கையில் வந்ததும் பழைய புல எண் என்ன என்று இங்கே எழுதுங்கள், அடுத்து எந்த ஏட்டைக் கேட்பது என்று சொல்கிறேன்.